கடைசியாக வருகிறவர்களின் இடம்

கேரவன் என்கிற வீட்டுவண்டியில் ஊர் சுற்றுகிறவர்கள் கூடுகிற இடத்தில் எழுதாத மரியாதை ஒன்று உண்டு. எல்லா வண்டிக்கும் கதவு இடப்பக்கம். எல்லா வண்டியும் ஒரே திசை பார்த்து நிற்கும். ஆகவே ஒருவருடைய வாசலுக்கு எதிரே அடுத்தவர் வண்டியின் கதவில்லாத பக்கம்தான் இருக்கும். பனியனோடு வாசலில் உட்கார்ந்து நகம் வெட்டலாம், கட்டியவளோடு சண்டை போடலாம், பார்க்க ஆளிருக்காது. வியாழக்கிழமை நண்பகலில், கால்நடைக் கண்காட்சித் திடலின் கடைசி வரிசையில், முப்பத்தேழு என்று எழுதிய கட்டையருகே வண்டியை நிறுத்திவிட்டு ரெய்லீன் கதவைத் திறந்தாள். எதிரே இன்னொரு கதவு இருந்தது.

பழுப்பு வண்டி. நாலு எட்டு தூரம். திரைகளை இழுத்து மூடியிருந்தது. மற்ற வண்டிகளின் தலையிலெல்லாம் ஏசி இரைந்துகொண்டிருக்க, அது மட்டும் மூச்சுக் காட்டாமல் நின்றது. அதன் வாசலுக்கு மேல் நிழலுக்காக நீட்டிய சாய்ப்புத் துணிக்குக் கீழே இரண்டு மடக்கு நாற்காலிகள், அவள் வாசலைப் பார்த்து.

அதைவிட அவளை உறுத்தியது வேறு. அவளும் கணவரும் வந்த வண்டி உள்ளே நுழைந்தபோது வரிசை முழுக்கக் கை தட்டியது. ரெய்லீன் மில்டூரா ஊரில் முப்பது வருஷம் பழைய மரச்சாமான் கடை நடத்தியவள். கறையான் அரித்த அலமாரியை யார் தலையிலாவது கட்டிவிட்டவனுக்கு முகம் எப்படி மலரும் என்று அவளுக்குத் தெரியும். அந்த முகத்தோடுதான் தட்டினார்கள். வண்டிகளின் அடியில் புல் வெளுத்துப் போயிருந்தது. கூட்டம் தொடங்குவது இன்றைக்கு. ஆனால் எல்லோரும் நாலைந்து நாளுக்கு முன்பே வந்து இடம் பிடித்திருக்கிறார்கள்.

"வழியில டயர் வெடிச்சிருச்சு," என்றார் டெஸ், அவள் கணவர். எங்கே போனாலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நுழைகிற மனிதர்.

இடம் ஒதுக்குகிற நெவில் ஆரஞ்சு அங்கியும் அட்டையுமாக நின்றார். "வெடிக்கிற டயரு வெச்சிருக்கறவங்க ஒரு வாரம் முன்னாடி கெளம்பணும்."

"வேற இடம் இல்லையா?" என்றாள் ரெய்லீன். "அந்த வண்டி திரும்பி நிக்குது."

"இருந்தா மத்தவங்க விட்டிருப்பாங்களா?"

"அதுல யார் இருக்காங்க?"

"மெம்பர்தான். கதவு மூடியிருந்தா தட்டாதீங்க. இந்தச் சங்கத்துல நாங்க கண்டிப்பா பாக்கறது அது ஒண்ணுதான்."

"தெறந்திருந்தா?"

நெவில் அட்டையைத் தாழ்த்தினார். டெஸ்ஸைக் கால் முதல் தலை வரை பார்த்தார். ஏலத்துக்கு வந்த காளையை எடை போடுகிறவன் பார்வை. "ஆள் எளச்சிருக்காரே."

"இதயத்துல ஆபரேஷன். ஆறு மாசமாச்சு."

"அப்ப சூடு ஆகாது," என்று சொல்லி அட்டையில் எதையோ குறித்துக்கொண்டார்.

சூடு ஆகாதுதான். உடம்பைச் சூடேற விடாதீர்கள் என்று மருத்துவர் அவளிடம்தான் சொல்லி அனுப்பினார், டெஸ்ஸிடம் அல்ல. படுக்கையில் கிடந்த மாதங்களில் இந்தக் கூட்டத்தைத்தான் அவர் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார். அவளுக்கு இருந்தது ஒரே வேலை. திங்கட்கிழமை அவரை உயிரோடு வீட்டுக்குத் திருப்பிக்கொண்டுபோக வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கே வெயில் நாற்பத்து நாலைத் தொட்டது. யூகலிப்டஸ் இலைகள் எண்ணெய் வாசனையோடு சுருண்டன. கழிவறைத் தொட்டிகளின் இரசாயன நெடியும் டீசலும் நேற்றைய ஆட்டிறைச்சிக் கொழுப்பும் ஒன்றாகக் காய்ந்து நாக்கின் அடியில் ஒட்டின. கண்காட்சிக் கொட்டகையின் தகரக் கூரை விரல் சொடுக்குவதுபோல ஒவ்வொரு தகடாகச் சொடுக்கிக்கொண்டே போக, ஈக்கள் ஈரம் தேடி அவள் கண்ணோரத்துக்கும் டெஸ்ஸின் வாயோரத்துக்கும் மாறி மாறி வந்தன. பதினொரு மணிக்கு அவர்கள் வண்டியின் ஏசி ஒரு முறை இருமிவிட்டு நின்றது.

பக்கத்து வண்டியில் பனிக்கட்டி கேட்டாள். இல்லையென்றார் ஒருவர், அவர் கைக்கோப்பையில் பனிக்கட்டி கலகலத்தது. அடுத்த வண்டியில் ஒரு மணி நேரம் டெஸ் உட்கார்ந்திருக்கலாமா என்று கேட்டாள். நாய்க்குப் புது ஆள் ஆகாதாம். நாய் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

சாயங்காலம் ஐந்துக்கு, வழக்கம்போல அவரவர் நாற்காலியோடும் அவரவர் குடியோடும் எல்லோரும் வட்டமாகக் கூடினார்கள். ரெய்லீன் இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போனாள். வட்டத்தில் இடைவெளி இருந்தது. அவள் நெருங்க நெருங்க நாற்காலிகள் ஒவ்வொரு விரற்கடையாக நகர்ந்து இடைவெளி மூடிக்கொண்டது.

"ஒங்க எடம் அங்கதானே கண்ணு," என்றாள் செயலாளர் கோரல். உதட்டுச் சாயம் வியர்வையில் கரைந்து மேலுதட்டின் சுருக்கங்களில் இறங்கியிருந்தது. "நெழலு, நாற்காலி, எல்லாம் போட்டு வெச்சிருக்காங்க. எங்களுக்கெல்லாம் அப்படி யார் போடறா?"

சிலர் சிரித்தார்கள். ஒரு கிழவர் மட்டும் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு, "போன வருஷம் அந்த நாற்காலியில மார்ஜ்," என்றார். கோரல் அவர் முழங்காலில் கை வைத்தாள். அவர் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனார்.

அவள் திரும்பி வந்தபோது டெஸ் எதிர் வண்டியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இங்க வந்து பாரு ரே. குளுகுளுன்னு இருக்கு," என்றார். ரெய்லீனை அவர் ரே என்றுதான் கூப்பிடுவார்.

சாய்ப்புத் துணியின் விளிம்பு வரை போனாள். கன்னத்தில் குளிர் பட்டது. இறைச்சிக்கடையின் உறைபனி அறையைத் திறந்தால் அடிக்குமே, அந்தக் குளிர், அந்த ஈர இரும்பு வாசனையோடு. ஒரு ஈ கூட இல்லை. கதவின் படிக்கட்டில் நீர் கோத்திருந்தது. கதவு ஒரு விரல் அகலம் திறந்திருந்தது.

"எந்திரி. நாம கெளம்பறோம்."

"எங்க கெளம்பறது? வண்டிக்குள்ள வெந்து சாகறதுக்கா? இங்கதான் ஆறு மாசத்துக்கப்புறம் நெஞ்சு லேசா இருக்கு."

அது உண்மையாக இருந்ததுதான் கொடுமை. அவர் உதட்டில் நிறம் வந்திருந்தது. மூச்சு ஏறி இறங்குவதே தெரியவில்லை. அவள் பேரம் பேசினாள். நாளைக்கு மத்தியானம் வரைக்கும். அதற்கு மேல் ஒரு நிமிடமும் கிடையாது. அவர் சரி என்றார். உள்ளேயிருந்து யாரோ தொண்டையைச் செருமியதுபோல இருந்தது, விலை படிந்ததும் தரகன் செருமுவதுபோல.

சனிக்கிழமை கதவு ஒரு கை அகலம் திறந்திருந்தது. உள்ளே இருட்டைத் தவிர ஒன்றுமில்லை. ரெய்லீன் தன் வாசலில் உட்கார்ந்து, ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, நாலு எட்டுக்கு அந்தப்பக்கம் இருந்த கணவர் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. பன்னிரண்டுக்குத் துண்டு காய்ந்து விறைத்தது. குழாய் இருபது எட்டு தூரம். போனாள், நனைத்தாள், பிழிந்தாள்.

அப்போது சத்தம் நின்றது.

வரிசையின் ஏசிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றன. மரங்களில் கத்திக்கொண்டிருந்த கிளிகளும் நின்றன. தகரம் மட்டும் ஒரு தடவை சொடுக்கியது.

திரும்பினாள். நாற்காலி காலி. அவருடைய செருப்பு படிக்கட்டின் கீழே, ஜோடியாக. கதவு மூடியிருந்தது.

ஓடினாள். கட்டைகளுக்கு நடுவே நெவில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் கோரல். பின்னால் மற்றவர்கள், வெயிலில், தொப்பியில்லாமல்.

"கதவு மூடியிருக்கு," என்றார் நெவில்.

"என் புருஷன் உள்ள இருக்கார்."

"மூடியிருந்தா தட்டக்கூடாது. சொன்னேனா இல்லையா?"

"நல்ல மனுஷனாத்தான் தெரிஞ்சாரு," என்றாள் கோரல். "சிரமப்பட மாட்டாரு கண்ணு. குளிர்தானே."

ரெய்லீன் ஈரத்துண்டைச் சாட்டையாகச் சுழற்றி நெவிலின் முகத்தில் அடித்தாள். அவர் கண்ணைப் பொத்திக்கொண்டார். அவள் படிக்கட்டில் ஏறி விரல்முட்டியால் தட்டினாள். மூன்று முறை.

உள்ளேயிருந்து மூன்று தட்டு. கதவின் மறுபக்கத்தில், அவள் கை இருந்த அதே இடத்தில்.

கைப்பிடி விரலைச் சுட்டது. குளிரில். இழுத்தாள், திறந்தது. உள்ளே கட்டில் இல்லை, அடுப்பு இல்லை, சுவர் எங்கே என்று தெரியவில்லை. வெயிலில் நின்ற கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை. இருட்டு. தூரத்தில் நிறையப் பேர் மெல்ல மூச்சு விடுகிற சத்தம்.

"டெஸ்."

"ரே," என்றது குரல். பக்கத்திலிருந்து.

"ரே," என்றது மறுபடியும். எங்கோ தொலைவிலிருந்து, அவசரமாக.

எதிரொலி என்று நினைத்தாள். அப்படித்தான் நினைத்தாள். கையை உள்ளே நீட்டினாள். ஒரு கை வந்து பற்றிக்கொண்டது. டெஸ்ஸின் அகலமான கை, மோதிரம் உட்பட. இழுத்தாள். கனமில்லாமல் வந்தார். வெளிச்சத்தில் கண் கூச, முகத்தை உயர்த்திப் பார்க்காமலே இழுத்துக்கொண்டு ஓடினாள். தன் வண்டி. முன்கதவு. அவரை ஏற்றினாள். சாவி. மின்கம்பியைப் பிடுங்காமலே கிளப்பினாள், கம்பி அறுந்து பின்னால் துள்ளியது.

ஒருவரும் தடுக்கவில்லை.

நெவிலே ஓடிப்போய் எல்லைக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். கோரல் கையசைத்தாள். "அடுத்த வருஷம் சீக்கிரம் வந்துருங்க கண்ணு."

கடைக்காரிக்கு அங்கேதான் உறுத்தியது. பேரமே பேசாமல் விட்டுவிட்டார்கள்.

வண்டி சரளையில் ஏறியது. புழுதி எழுந்தது. வெளியே நாற்பத்தாறு பாகை. முன்கண்ணாடியின் உள்பக்கத்தில், அவர் உட்கார்ந்திருந்த பக்கமாக, வெள்ளையாகப் படர ஆரம்பித்தது. அவள் பக்கத்துப் பின்பார்வைக் கண்ணாடியில் திடல் சிறுத்துக்கொண்டிருந்தது.

அதில் பழுப்பு வண்டியின் கதவு திறந்தது.

டெஸ் வெளியே விழுந்தார். எழுந்தார். வெறுங்காலோடு கொதிக்கிற சரளையில் ஓடி வந்தார், நெஞ்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை ஆட்டிக்கொண்டு. வாய் திறந்து திறந்து மூடியது. அந்த வாய் சொல்லும் பெயரைக் கேட்காமலே அவளுக்குத் தெரிந்தது.

வரிசையில் நின்றிருந்தவர்கள் நடந்து வந்தார்கள். அவசரமில்லாமல். நெவில் ஒரு கையைப் பிடித்தார். கிழவர் ஒரு கையை. கோரல் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தாள். திருப்பினார்கள். கதவை நோக்கி நடத்தினார்கள்.

டெஸ் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அவள் பிரேக்குக்குக் காலைத் தூக்கப் பார்த்தாள்.

தூக்க முடியவில்லை. அவள் பாதத்தின் மேல் இன்னொரு பாதம் இருந்தது. செருப்பில்லாமல், உறைந்த இறைச்சி மாதிரி. அது மெல்ல அழுத்தியது. வண்டி வேகமெடுத்தது.

"ஓட்டு ரே," என்றது பக்கத்திலிருந்து. "வீட்டுக்குப் போலாம்."