மழை மாதக் குப்பி

திங்கள், காலை 8.10. கடல்மீன் ஆய்வுக்கூடத்தில் உறைபெட்டியைத் திறந்த இயக்குநர் மூக்கைப் பொத்திக்கொண்டார். பிளக் பிடுங்கிக் கிடந்தது. ஒரே வகை மீனிலிருந்து ஓராண்டாக மாதந்தோறும் எடுத்த ரத்தம் முழுக்க நாறிவிட்டது. மறுநாள் அது ஹார்மோன் சோதனைக்கு வெளியூர் போக வேண்டியது.

அந்த அறைக்குச் சாவி இரண்டு. ஒன்று இந்த மீனை ஆராயும் ஆராய்ச்சியாளரிடம்; உடுப்பில் மடிப்புக் கலையாததால் எல்லாருக்கும் அவர் 'மாப்பிள்ளை'. மற்றது துப்புரவு வேலை பார்க்கும் அக்காவிடம். பழி யார் தலையில் விழும் என்று சொல்லவும் வேண்டுமா? தரை துடைக்கும் மெஷினுக்காகப் பிளக்கைப் பிடுங்கியவள் அவள்தான் என்று முடிவு கட்டினார்கள். 8.30க்கு எல்லார் முன்னாலும் அவளுக்கு வேலை போயிற்று. ஏழை சொல் எந்த அம்பலத்தில் ஏறியிருக்கிறது!

9.40. இயக்குநர் கொடுத்த புகாரை விசாரிக்க இன்ஸ்பெக்டரம்மா வந்தார். உறைபெட்டியை ஒரு நிமிடம் பார்த்தவர், எதிர் அலமாரி முன்னால் பத்து நிமிடம் நின்றார். அங்கே, உள்ளே இருப்பது கெடாமலிருக்க ஃபார்மலின் ஊற்றிய பன்னிரண்டு குப்பிகள், மாதப் பெயரோடு. ஒவ்வொன்றிலும் அந்த மாதத்துப் பெண்மீனின் சினைப்பை மெல்லிய நூலாகக் கிடந்தது.

"மீன் பிடிச்சது யாரு?"

"நான்தான் மேடம்," என்றார் மாப்பிள்ளை. "மாசா மாசம் படகுல போனேன்."

"மழை மாசத்துலயும்?"

"ஒண்ணுகூட விடல."

பிறகு இன்ஸ்பெக்டரம்மா, இன்னும் வாசலிலேயே நின்றிருந்த அக்காவிடம் போனார். பிளக்கைப் பற்றிக் கேட்கவே இல்லை. இந்த மீனை வீட்டுக்கு வாங்குவாயா, எப்போது வாங்குவாய் என்று மட்டும் கேட்டார்.

"மழை மாசத்துலதான் மேடம். அப்பதான் வயிறு முட்டச் சினை இருக்கும். மத்த மாசம் அரிஞ்சா ஒண்ணுமிருக்காது."

11.15. எல்லாரும் இயக்குநர் அறையில். இன்ஸ்பெக்டரம்மா மழை மாதக் குப்பியை மேசைமேல் வைத்தார்.

"முட்டை போடுற காலம் நெருங்கினா பெண்மீன் ரத்தத்துல ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் ஏறும், சினைப்பை ஊதும். இதுல ஊதவே இல்ல. பன்னெண்டு குப்பியும் ஒரே மாதிரி. ஏதோ ஒரு வெயில் நாள்ல மொத்தமாப் பிடிச்சு, பேரை மட்டும் மாத்தி ஒட்டியிருக்கார் இவர். ரத்தம் சோதனைக்குப் போனா மாட்டிக்குவார். அதனால பிளக்கைப் பிடுங்கினார். ஃபார்மலின்ல கிடக்கிறதுக்குக் கரண்ட் தேவையில்லன்னு யோசிக்கல."

இத்தனை நாளும் குப்பியின் பெயரைப் படித்தார்களே தவிர, உள்ளே ஒருவரும் பார்க்கவில்லை. கடல் என்றாலே பயம், ஒரே ஒரு நாள்தான் படகில் போனேன் என்று மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார்.

இயக்குநர் அக்காவைத் தனியே கூப்பிட்டு, நாளை முதல் வேலைக்கு வரலாம் என்றார்.

"வர்றேன் சார். ஆனா காலையில பத்துப் பேர் முன்னாடி என்னைப் போகச் சொன்னீங்க. அந்தப் பத்துப் பேரையும் கூப்பிட்டு, அவங்க முன்னாடி என்னை வரச் சொல்லுங்க."

இயக்குநர் எழுந்து கதவைத் திறந்தார். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.