லோகப்பிரியாவின் ரத்த அழுத்தம்

கோட்டைமேட்டுச் சந்தில் சாரல் பெய்துகொண்டிருந்த மாலை. துப்பறிவாளர் அமீர் ஹம்சாவின் அலுவலகத்தில் அவர் எதிரே அமர்ந்த கயல்விழி உடனே விஷயத்துக்கு வந்தாள்.

"என்ற ஊட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போச்சுங்க. அவரோட அக்கா, எங்க நங்கையா லோகப்பிரியாதான் ஒண்ணு தர்றதா இருந்துச்சு. டெஸ்ட் எல்லாமே நல்லா வந்துச்சுங்க. கடைசியில டாக்டரம்மா அவங்களைத் தனியாக் கூப்பிட்டுப் பேசினாங்க. வெளிய வந்து, 'இவங்க பொருந்தமாட்டாங்க'ன்னு ஒரே வார்த்தை! கேட்டா, பிபி-ங்கறாங்க எங்க நங்கையா. அவங்க ஊட்டுக்காரர் அங்கப்பண்ணன்தான் டாக்டரம்மாவைச் சரிக்கட்டிப்போட்டாரு. நிரூபிச்சுக் கொடுங்க, போலீசுக்குப் போறேன்."

அவள் போனதும் உதவியாளர் கனிஷ்கா துள்ளினாள். "அங்கப்பன்தானுங்க சார். பிரியாணி பந்தயம்!"

"மொதல்ல ஆளைப் பார்ப்போம் கண்ணு."

மறுநாள் காங்கேயத்தில் வெயில்கூடத் தூக்கக் கலக்கத்தோடு விழுந்துகொண்டிருந்தது. காற்றெங்கும் கொப்பரை மணம். எண்ணெய் மில்லை ஒட்டிய வீட்டில், கயல்விழிக்குத் தெரிந்தவர்கள் என்று சொன்னதும் அங்கப்பன் அவர்களை இலை போட்டு உட்காரவைத்தார். எதிலும் உப்பில்லை.

"கோவிச்சுக்காதீங்க. அம்மணிக்கு பிபி-ன்னதுல இருந்து உப்பு டப்பாவையே ஒளிச்சு வெச்சுப்போட்டேன். நானும் இதைத்தான் திங்கறனுங்க."

"மாத்திரை சாப்பிடறாங்களா?"

"அதுதானுங்க பயம். டாக்டரம்மா மாத்திரையும் எழுதலை, மறுபடி வாங்கன்னும் சொல்லலை."

அங்கப்பன் மில்லுக்குப் போனார். கை கழுவப் பின்கட்டுக்குச் சென்ற ஹம்சா ஜன்னல் வழியே பார்த்தார். லோகப்பிரியா தயிர்ச்சோற்றோடு நார்த்தங்காய் ஊறுகாயைக் கண்மூடி ருசித்துக்கொண்டிருந்தாள். பாதி ஜாடி காலி.

திரும்பும் வழியெல்லாம் தென்னைகள் மங்கலாக நீந்திப் போயின.

"பிரியாணி எனக்குத்தான் கண்ணு," என்றார் ஹம்சா. "மாத்திரை இல்லைன்னா நோய் இல்லை. அங்கப்பன் அந்தப் பொய்யைச் சொல்லவெச்சிருந்தா, உப்பில்லாத சோத்தைத் திங்கமாட்டார். அவர் நம்பறார். நம்பாதது ஒருத்தர்தான்."

"ஊறுகாய் திங்கறவங்க!" கனிஷ்காவின் குரல் தணிந்தது. "அவங்களே வேண்டாம்னு சொன்னாங்களா?"

"கொடுக்கறவங்களைத் தனியா வெச்சு 'உங்களுக்குச் சம்மதமா?'ன்னு டாக்டர் கேட்கணும். சம்மதமில்லைன்னா, காரணம் சொல்லாம 'பொருந்தமாட்டாங்க'ன்னு காப்பாத்துவாங்க. அக்கா கொடுப்பாங்கன்னு குடும்பமே முடிவு பண்ணுச்சு. அவங்களைக் கேட்டது டாக்டர் ஒருத்தர்தான்."

"கயல்விழிகிட்டச் சொல்லுவீங்களா?"

"சொன்னா லோகப்பிரியாவுக்குப் பொறந்த வீடு இல்லாமப் போயிரும்."

சாயங்காலம் சாரலில் நனைந்தபடி கயல்விழி வந்தாள்.

"யாரும் யாரையும் சரிக்கட்டலைங்க," என்றார் ஹம்சா. "டாக்டரம்மா சொன்னது சரி. நங்கையா பொருந்தமாட்டாங்க."

"அப்ப அவரைக் காப்பாத்த வேற யாருமே இல்லீங்களா?"

"உங்களுக்கு டெஸ்ட் பண்ணாங்களா?"

"கூடப் பொறந்தவங்களதுதான் சேரும்னு மாமியார் சொன்னாங்க."

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

வெளியே சாரல் நின்று, ஓடுகளிலிருந்து ஈரம் மெல்லச் சொட்டியது.

"நான் கேட்கலைங்க. சேரும்னு சொல்லிப்போட்டாங்கன்னா என்ன பண்றதுன்னு..." முந்தானையில் முகம் புதைத்தாள். "நங்கையாளைத் திட்டறப்பல்லாம், என்னை யாராச்சும் கேட்டுருவாங்களோன்னு பயமா இருந்துச்சுங்க."

ஹம்சா தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினார்.

எழுந்தவள் வாசலில் தயங்கினாள். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேனுங்க. என்கிட்டயும் டாக்டரம்மா தனியாப் பேசுவாங்களா?"

"பேசுவாங்க."

"கதவைச் சாத்திக்கிட்டு?"

"சாத்திக்கிட்டுத்தானுங்க."

அவள் தலையசைத்துவிட்டு ஈரத்தெருவில் இறங்கினாள்.