இங்கிலீஷில் 'தெரியாது'

அந்தத் தெருவில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் நேராகக் கடுகின் சித்தப்பாவிடம் போய் நிற்பார்கள். பூனைக்கு மீசை எதற்கு? மாடி வீட்டுக்காரர் ஏன் கீழ் வீட்டுக்காரரோடு பேசுவதில்லை? எதைக் கேட்டாலும் கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழும். அது சரியான பதிலா என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை. அவ்வளவு கம்பீரமாகச் சொல்வார்.

கடுகு அவருடைய அண்ணன் மகள். ஐந்தாம் வகுப்பு. ஆள் குட்டி என்பதால் அந்தப் பெயர். சித்தப்பா பேருந்து நிலையத்தின் விசாரணைக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், ராஜா சிம்மாசனத்தில் இருப்பது போலவே அவளுக்குத் தோன்றும். பள்ளி விட்டதும் அங்கே ஓடிவிடுவாள். அம்மா வந்து அழைத்துப் போகும்வரை அவருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள்.

அன்று ராஜாவின் முகம் தொங்கிப் போயிருந்தது.

"என்னாச்சு சித்தப்பா?"

"கண்காட்சிக்குப் போகணும்னு கேட்ட ஒரு குடும்பத்தை நான் துறைமுகத்துக்கு அனுப்பிட்டேனாம். அவங்க கப்பலைச் சுத்திப் பார்த்துட்டு வந்து புகார் கொடுத்துட்டாங்க. இன்னொரு புகார் வந்தா, என்னைப் பின்னாடி மூட்டை அறைக்கு மாத்திடுவேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

கெட்ட வார்த்தையைக் கேட்டவர் போலச் சித்தப்பா பதறினார். "மெதுவா பேசுடி! தலைக்கு மேல 'விசாரணை'ன்னு போர்டு தொங்குது. அதுக்குக் கீழ உட்கார்ந்துக்கிட்டு அந்த வார்த்தையை எப்படிச் சொல்றது? வாயே வரமாட்டேங்குது."

கடுகு யோசித்தாள். அப்போதுதான் வகுப்பில் இங்கிலீஷ் டீச்சர் சொல்லிக் கொடுத்திருந்தது ஞாபகத்துக்கு வந்தது.

"தமிழ்ல சொல்லத்தானே வாய் வரல? இங்கிலீஷ்ல சொல்லுங்க. அதுக்கு நிறைய வழி இருக்கு. முதல்ல, 'ஐ ஹேவ் நோ ஐடியா.'"

"அட, கேட்கவே நல்லா இருக்கே!"

"அப்புறம், 'பீட்ஸ் மீ.'"

"என்னை அடிக்குதா? யாரு அடிக்கிறா?"

"கேள்விதான். நீங்க கேள்விகிட்ட தோத்துட்டீங்கன்னு அர்த்தம். 'சர்ச் மீ'ன்னும் சொல்லலாம். என்னைச் சோதிச்சுப் பாரு, உள்ள பதில் இல்லை. இன்னொண்ணு கொஞ்சம் பெருசு. 'யுவர் கெஸ் இஸ் ஆஸ் குட் ஆஸ் மைன்.' உங்களுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் எனக்கும்."

சித்தப்பா மனப்பாடம் செய்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

வேடிக்கை என்னவென்றால், அது பலித்துவிட்டது! சித்தப்பா "ஐ ஹேவ் நோ ஐடியா" என்று மிடுக்காகச் சொன்னதும், "தேங்க்யூ சார்" என்று மரியாதையோடு நகர்ந்தார் ஒருவர். 'பீட்ஸ் மீ'க்கு ஓர் அம்மா கும்பிடே போட்டார். இங்கிலீஷில் சொன்னால் தெரியாததுகூடத் தெரிந்த மாதிரி இருந்தது.

'சர்ச் மீ'யில்தான் கொஞ்சம் சிக்கல். சித்தப்பா இரண்டு கைகளையும் தூக்கி அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டார். ஓரமாக நின்ற காவலாளி ஓடிவந்து அவருடைய சட்டைப் பையைச் சோதித்தார். சீப்பும் பாதி பிஸ்கெட்டும் கிடைத்தன.

"எதுவும் இல்ல சார், தைரியமா இருங்க" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

கடுகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்து ஒரு தச்சர் வந்தார். கையில் ஒரு மர யானை. வண்ணம் அடித்த வாசனை இன்னும் போகவில்லை.

"ஐயா, புது ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்? மகளுக்குக் குழந்தை பொறந்திருக்கு. பார்க்கிற நேரம் முடியறதுக்குள்ள போகணும்."

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "யுவர் கெஸ் இஸ் ஆஸ் குட் ஆஸ் மைன்."

தச்சர் வாயைப் பிளந்தார். "ரொம்ப நன்றிங்க ஐயா" என்று பின்பக்கமாகவே நகர்ந்து போனார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கடுகு தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள். தச்சர் ஒரு தூணோரம் நின்றுகொண்டிருந்தார். பேருந்துகள் வருவதும் போவதுமாக இருந்தன. அவர் மட்டும் அசையவில்லை.

"தாத்தா, நீங்க இன்னும் போகலையா?"

"ஐயா ஏதோ பெருசா சொன்னாரும்மா. எனக்குத்தான் புரியல. படிச்சவர்கிட்ட மறுபடியும் கேட்கக் கூச்சமா இருக்கு."

கடுகுக்குச் சுருக்கென்றது. சிரிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது. அவள் கவுன்ட்டருக்கு ஓடினாள்.

"சித்தப்பா, அந்த யானைத் தாத்தா அங்கேயே நிக்கிறாரு! நமக்கு எல்லாம் தெரியும்னு நினைச்சுக்கிட்டு நிக்கிறாரு. நான் இன்னொண்ணு சொல்லித் தர மறந்துட்டேன். டீச்சர் கடைசியா சொன்னது. 'தெரியல, கேட்டுச் சொல்றேன்.' இதை மட்டும் தமிழ்லயே சொல்லணும். அவருக்குப் புரியணும்ல?"

சித்தப்பா எழுந்தார். எட்டிப் பார்த்தார். தச்சர் சட்டை நுனியால் யானையின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பா சிம்மாசனத்தை விட்டு இறங்கி நேராகத் தூணோரம் போனார். காது சிவந்திருந்தது.

"ஐயா... எனக்கு... எனக்குத் தெரியலைங்க. இருங்க, கேட்டுச் சொல்றேன்."

கடுகு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். போர்டு இடிந்து விழவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

"அடடா, அதுக்கென்னங்க!" என்றார் தச்சர்.

சித்தப்பா ஓட்டுநர்கள் டீ குடிக்கும் இடத்துக்கே ஓடினார். ஓடி வந்தார். தச்சரின் கையைப் பிடித்து, கிளம்பிக்கொண்டிருந்த பச்சை பஸ்ஸைத் தட்டி நிறுத்தி, ஏற்றிவிட்டார். ஜன்னல் வழியாக யானையின் தும்பிக்கை நீட்டிக்கொண்டு போனது.

திரும்பினால் மேனேஜர் நிற்கிறார்!

"கவுன்ட்டரை விட்டுட்டு எங்க ஓடுனீங்க?"

"பதில் தெரியல சார். கேட்கப் போனேன்."

மேனேஜர் மேலும் கீழும் பார்த்தார். "இதை முதல்லயே செய்திருந்தா அந்தக் குடும்பம் கப்பல் பார்த்திருக்காதே! சரி, சரி, போய் உட்காருங்க. வரிசை நிக்குது."

மூட்டை அறைப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

கடுகு தன் சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் உட்கார்ந்திருக்கும்போதுதான் ராஜா மாதிரி இருப்பார். இன்று, வியர்த்து வழிய ஓடி வந்தபோதும் அப்படித்தான் இருந்தார்.

மாலையில் வீட்டு வாசலில் சித்தி வழிமறித்தார். "வண்டிச் சாவியைக் காணோம். பார்த்தீங்களா?"

சித்தப்பா கடுகைப் பார்த்துக் கண்ணடித்தார். இரண்டு கைகளையும் தூக்கினார். "சர்ச் மீ!"

சித்தி சும்மா விடுவாரா? பேன்ட் பையில் கையை விட்டார். வண்டிச் சாவி வெளியே வந்தது.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

சித்தப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். தெருவே கேட்கும்படி, அதே பழைய கம்பீரத்தோடு சொன்னார்:

"தெரியலையே!"