சுவர்களை விழுங்கிய ஜனவரி டிரைவர்

ஞாயிறு, காலை 8.40. வெள்ளி, சனி விடுமுறை முடிந்த முதல் வேலை நாள்.

யுஸ்ரா போட்ட கூச்சலில் அலெக்சாண்ட்ரியாவின் அந்தக் கட்டட வடிவமைப்பு அலுவலகமே எழுந்து நின்றது. அவள் திரையில் இருந்த படகுத்துறை உணவகத்துக்குச் சுவர்களைக் காணோம். கூரை மட்டும் அந்தரத்தில் தொங்கியது. மாதிரியைத் திருப்பினால் தரையும் கிழிந்து மறைந்தது. பதினோரு மணிக்குத் துறைமுகக்காரர்கள் வந்து பார்க்கப்போவது இதைத்தான்.

"கண்ணு பட்டுடுச்சு!" என்றார் முதலாளி ஹாஜ் ரிஃபாயி. கையில் பாதி தின்ற ஃபூல் ரொட்டி, அவித்த மொச்சையை மசித்து அடைத்தது. "நீல மணி ஒட்டி வச்சும் பட்டுடுச்சு பாரு!"

கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் உமைமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு நிமிடம் தட்டினாள்.

"கண்ணு பட்டா டிரைவர் மாறாது ஹாஜ். கை படணும்."

கிராஃபிக்ஸ் கார்டை வடிவமைப்பு மென்பொருளோடு பேசவைப்பது டிரைவர். எந்தக் கார்டுக்கு எந்த டிரைவர் ஒத்துவரும் என்று மென்பொருள்காரர்களே சோதித்துப் பட்டியல் போடுவார்கள். பட்டியலில் தேறியது அக்டோபர் டிரைவர். உமைமா போட்டு வைத்ததும் அதுதான். இப்போது யுஸ்ராவின் கணினியில் இருந்தது ஜனவரி டிரைவர். ஏறிய நேரம், வியாழக்கிழமை மாலை 3.50. எந்த டிரைவர் என்பதை உமைமா வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஜனவரியில் இதே கூத்து வேறொரு கணினியில் நடந்தது. இதே டிரைவரைப் போட்டவர் உமைமாவின் கையைப் பிடித்துக் கெஞ்சியதால் அவள் காட்டிக் கொடுக்கவில்லை. "ஒரு கணினி கெட்டுது, சரி பண்ணிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அன்றே ஹாஜ் சட்டம் போட்டார்: உமைமாவைக் கேட்காமல் டிரைவரைத் தொட்டவர் வீட்டுக்குப் போகலாம்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் பதினோரு வருட மூத்த வடிவமைப்பாளர் பஹ்கத். "வீட்ல விளையாட்டுக்குப் புது டிரைவர் வந்த அன்னிக்கே போட்டுடுவேன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சா. இங்கயும் போட்டுட்டா. பெரிய கார்டைத் தூக்கிச் சின்னப் பிள்ளை கையில குடுத்தா வேற என்ன நடக்கும்?"

"வல்லாஹி, அல்லா மேல ஆணையா நான் தொடல!" யுஸ்ராவுக்கு அழுகை முட்டியது.

ஹாஜ் ரொட்டியை வைத்தார். "துறைமுகக்காரங்க வந்துட்டுப் போகட்டும். அப்புறம் நீயும் கிளம்பும்மா."

காலை 9.05.

"வியாழக்கிழமை மூணு ஐம்பதுக்கு எங்க இருந்தே?" என்று யுஸ்ராவைக் கேட்டாள் உமைமா.

"அச்சடிக்கிற அறையில. பெரிய தாள் அக்கா, அரை மணி நேரம் ஆச்சு. அப்படியே வீட்டுக்குப் போயிட்டேன்."

"கணினியைப் பூட்டினியா?"

"இங்க யாரு பூட்டுறாங்க?"

"அடிப்பாவி! இந்தா பாரு, இந்த ரெண்டு விசை. எழுந்து போறப்ப அழுத்து. சரி, வீட்ல கடைசியா எந்த டிரைவர் போட்டே?"

"செவ்வாய்க்கிழமை வந்தது. அன்னிக்கே போட்டேன்."

உமைமா பேனாவைக் கடித்தாள். வடிவமைப்பு மேஜை ஒன்று வேண்டும் என்று ஆறு வருடமாகக் கேட்டவள் அவள். நான்கு மாதத்துக்கு முன் வந்த பெண்ணுக்கு மேஜையும் கிடைத்தது, பதினாறு ஜிபி கார்டும் கிடைத்தது. அந்தக் கார்டைப் பொருத்தியவளும் உமைமாவேதான். வயிறு எரிந்தது, அதை ஒளிப்பானேன்? இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், மதியத்துக்குள் மேஜை காலியாகிவிடும்.

அவள் எழுந்து வேலையைப் பார்த்தாள். முதலில் செவ்வாய்க்கிழமை டிரைவரைப் போட்டுப் பார்த்தாள். சுவர்கள் ஜம்மென்று நின்றன. பிறகு அதையும் நீக்கிவிட்டு அக்டோபரையே ஏற்றினாள். பஹ்கத் தேநீர் குடிக்கப் போன நேரம் அவர் கணினியையும் திறந்து பார்த்தாள்.

காலை 10.25. ஹாஜின் அறை. பஹ்கத்தும் உள்ளே இருந்தார். கதவு திறந்தே கிடந்தது.

"யுஸ்ரா இல்ல ஹாஜ். செஞ்சது பஹ்கத்."

பஹ்கத் சிரித்தார். "உனக்குப் பைத்தியமா?"

"புது டிரைவர் பைத்தியம் பிடிச்ச பொண்ணு எதைப் போடுவா? செவ்வாய்க்கிழமை வந்ததை. அவ கணினியில இருந்தது ஜனவரி டிரைவர். மூணு மாசப் பழசு, பட்டியல்லயும் தேறாதது. அதைத் தேடிப் போய் யார் போடுவா? அது சுவரை விழுங்கும்னு தெரிஞ்ச ஆள்தான் போடுவான்."

"யாருக்கு வேணா தெரியும்."

"ரெண்டே பேருக்குத்தான். ஜனவரியில உங்க சுவர் காணாமப் போச்சு. நான் வெளிய சொல்லல."

ஹாஜ் பஹ்கத்தைப் பார்த்தார். உமைமா விடவில்லை.

"புதன்கிழமை உங்க கணினியில செவ்வாய்க்கிழமை டிரைவரை ஏத்தி, பத்து நிமிஷத்துல நீக்கியிருக்கீங்க. பதிவு இருக்கு. உங்க கார்டு சின்னது, அவ கார்டு பெரிசு, ரெண்டுக்கும் ஒரே டிரைவர். புதுசைப் போட்டுப் பழியை அவ மேல போடலாம்னு பார்த்தீங்க. பாழாப்போனது ஒழுங்கா வேலை செஞ்சுடுச்சு! அதனால பழைய எமனைத் தேடிப் போனீங்க."

பஹ்கத்தின் முகம் கறுத்தது. "பதினோரு வருஷம் ஹாஜ்! திக்கித் திணறுற கார்டுல பதினோரு வருஷம் வரைஞ்சேன். நேத்து வந்தவளுக்கு அந்தக் கார்டு! அவ மாதிரியைச் சுத்திச் சுத்திக் காட்டுறப்பெல்லாம் எனக்கு நெஞ்சு வெந்துது."

அவர் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ஹாஜ் தடுக்கவில்லை. சாவியை எடுத்து இழுப்பறையில் போட்டுவிட்டு உமைமா பக்கம் திரும்பினார்.

"ரெண்டு பேருக்குத் தெரியும்னு சொன்னியே. அந்த இன்னொருத்தர்?"

"நான்தான்."

"உன் மேல ஏன் சந்தேகம் வரக்கூடாது?"

"வரலாம்," என்றாள் உமைமா. "புதன்கிழமை அந்த ஜனவரி டிரைவர் கோப்பை நானும் திறந்தேன். யுஸ்ரா எழுந்து போகட்டும்னு காத்திருந்தேன். போனா. என்னால முடியல, மூடிட்டேன். அதனாலதான் சொல்றேன், இது கண்ணும் இல்ல, தவறுதலும் இல்ல. இந்த எரிச்சல் எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியும்."

வாசலில் யுஸ்ரா நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ! கையில் உமைமாவுக்கென்று கொண்டுவந்த புதினா தேநீர்.

"நன்றி அக்கா," என்றாள். தேநீரை வைத்தாள்.

காலை 11.00. துறைமுகக்காரர்கள் உள்ளே வந்தார்கள். உணவகம் எல்லாச் சுவர்களோடும் திரையில் சுழன்றது, எல்லோரும் கைதட்டினார்கள். அவர்களை வழியனுப்ப யுஸ்ரா எழுந்தபோது உமைமா அவள் மேஜைப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். யுஸ்ரா சிரித்தாள். சிரித்தபடியே அந்த இரண்டு விசைகளையும் அழுத்தித் திரையைப் பூட்டிவிட்டுப் போனாள்.