ஞாயிற்றுக்கிழமை மீன்

அருணாசலவடிவின் வீட்டுக்கு வந்த பிளாரன்ஸ் உட்காரக்கூட இல்லை. "நாளைக்கு விசாரணை, அண்ணாச்சி. லிங்கராஜ் கூண்டேறிச் சொல்லிட்டான்னா எம் புருசன் பல வருசம் உள்ளதான்."

கடற்கரையை வளைத்து வேலி போட வந்த அரசுக்கு எதிராக ஊரே திரண்ட ஒரு ஞாயிறன்று கல் பறந்தது. எறிந்தவன் யாரென்று தெரியாத போலீசுக்கு அவள் கணவன் இனிகோ கிடைத்தான். சாட்சி, ஐஸ் கடை லிங்கராஜ். ஏழு மாதமாக ஊரில் யாரும் அவனோடு பேசுவதில்லை.

அவளோடு வந்திருந்த இனிகோவின் வக்கீல் ரம்யாவுக்கு ரத்தம் கொதித்தது. கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற அருணாசலவடிவுக்கோ எதுவும் கொதிக்காது. காபியைக்கூட ஆறவைத்துத்தான் குடிப்பார். லிங்கராஜின் வாக்குமூலத்தை நிதானமாக வாசித்தார்.

"'ஞாயிறு விடியற்காலை கடலிலிருந்து திரும்பிய இனிகோவின் மீனுக்கு என் கடையில் ஐஸ் கொடுத்தேன். அவன் வள்ளத்தில் கற்களைக் கண்டேன்.' ஏம்மா, ஞாயித்துக்கிழமை ஒங்க ஊர்ல கடலுக்குப் போவாங்களா?"

"யாரு போவா? மாதா கோயில்ல பூசை நாளாச்சே. ஊர்க்கட்டுப்பாடு!"

ரம்யா இதைப் பத்து முறை படித்திருந்தாள். நெல் விளையும் ஸ்ரீவைகுண்டத்துக்காரி. கடலுக்கும் லீவு உண்டென்று அவளுக்கு யார் சொன்னது?

"அப்போ பொய் சாட்சி! நாளைக்கு அவரைக் கிழிச்சிருதேன்."

"பொறுங்க வக்கீலம்மா. எழுதுன ஏட்டையா வெளியூரு, தெரியாது. லிங்கராஜ் இருவது வருசமா ஞாயித்துக்கிழமை கடையைப் பூட்டுதவரு. அவருக்குமா மறந்துபோச்சு? கல்லைப் பாத்தேன்னா போதுமே, மீனும் ஐஸும் எதுக்கு? இது மறதி இல்ல. வேணும்னே வச்ச ஓட்டை."

மூவரும் ஐஸ் கடைக்குப் போனார்கள். அருணாசலவடிவு கேட்டதும் லிங்கராஜ் அவர்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினான்.

"கல்லைப் பாத்தேன்னு சொல்லு, இல்லன்னா கடைக்கு சீல்னாங்க. பிள்ளகுட்டிக்காரன், சொன்னேன். கூடவே மீனையும் சேத்துச் சொன்னேன். கடற்கரை ஆளு எவன் படிச்சாலும் பிடிச்சிருவான்னு நெனச்சேன்."

"வாக்குமூல நகல் ஒங்க வீட்டுலதான இருந்துச்சு, பிளாரன்ஸ்?" என்றார் அருணாசலவடிவு.

"சாட்சி பேரைப் பாத்ததும் மூடி வச்சிட்டோம், அண்ணாச்சி."

படித்தவளுக்குக் கடல் தெரியவில்லை. கடல் தெரிந்தவர்கள் படிக்கவில்லை. ரம்யாவுக்கு வெட்கமாக இருந்தது.

"நாளைக்குக் கேளுங்க, உண்மையச் சொல்லிருதேன். கடை போனாப் போகட்டும்," என்ற லிங்கராஜ் பிளாரன்ஸ் பக்கம் திரும்பினான். "பயந்துதாம்மா சொன்னேன், தப்புதான். ஆனா இருவது வருசப் பழக்கம். ஏம்ல இப்படிச் சொன்னேன்னு ஒருத்தராவது வந்து கேட்டிருக்கலாம்லா?"

பிளாரன்ஸ் வாய்விட்டு அழுதாள்.