நாற்பத்து மூவாயிரம் அரசப்பன்கள்

வரதனின் வாயில் மைசூர்பாகு இருந்தது.

உடம்பில் உயிர் இல்லை!

கும்மிடிப்பூண்டி சிப்காட். 'வாங்கிக்கோ' ஆன்லைன் கடையின் குடோன். காலை பத்தேகால். திரும்பி வந்த பார்சல்களைப் பிரிக்கும் மேஜை மேல் பேக்கிங் சூப்பர்வைசர் வரதன் கவிழ்ந்து கிடந்தான். வாயோரம் நுரை. கையருகே பாதி காலியான நெய் மைசூர்பாகு டப்பா.

வேண்டாம் என்று திரும்பி வரும் தின்பண்டத்தைக் குப்பையில் போட வேண்டும் என்பது கம்பெனி சட்டம். ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் குப்பையில் போடுவேன் என்பது வரதன் சட்டம். அதற்கு 'குவாலிட்டி செக்' என்று பெயர் வேறு வைத்திருந்தான்.

இன்றைக்குக் குவாலிட்டி சரியில்லை...

பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் ஆதிகேசவன் வந்தார். பன்னிரண்டு மணிக்கு அன்பு ஜீப்பில் உட்கார்ந்திருந்தான்.

அன்பு அங்கே பேக்கிங் தொழிலாளி. டப்பாவை மேஜையில் வைத்தவன் அவன். நேற்று ஷிப்ட் தகராறில் வரதனின் சட்டையைப் பிடித்தவனும் அவன். போலீஸுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? முதல் கடையிலேயே சொன்ன விலைக்குச் சரக்கு படிந்துவிட்டால் எவன் அடுத்த கடை ஏறுவான்?

ரிட்டர்ன் லாரியில் வந்த டப்பா, இறக்கி வைத்தேன், அவ்வளவுதான் என்று அன்பு நூறு தடவை சொன்னான். நூறு தடவையும் ஒரே மாதிரி சொல்கிறான், மனப்பாடம் செய்திருக்கிறான் என்றார் கான்ஸ்டபிள்.

அன்புவின் மனைவி சுகிர்தா. அதே குடோன் மாடியில் கம்ப்யூட்டர் வேலை. படியில் தடதடவென்று இறங்கி வந்து ஜீப்பை மறித்தாள்.

"சார்... டப்பா மேல லேபிள் கிழிஞ்சிருக்கு. ஆனா ஆர்டர் நம்பர் மிச்சம் இருக்கு. 71806. அத்த வாங்கித் திருப்பி அனுப்பினது யாருன்னு எங்க டூலைக் கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிடும்."

"நாலு மணிக்கு இவனைக் கோர்ட்டுல நிறுத்தணும்மா."

"ஒரு நிமிஷந்தான் சார் கேக்கறேன்."

அந்த ஒரு நிமிஷம் எத்தனை நீளம் என்று அவளுக்கே தெரியாது!

மாடி அறை. மேனேஜர் சந்திரமோகன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். செக்யூரிட்டி ஆபீசர் துலுக்காணம் இன்ஸ்பெக்டருக்கு நாற்காலி இழுத்துப் போட்டு, ஃபேனை அவர் பக்கம் திருப்பிவிட்டார். போலீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ரிட்டயர் ஆன மனிதர். காக்கியைக் கண்டால் சல்யூட்டுக்குக் கால் தானாக ஒட்டிக்கொள்ளும்.

சுகிர்தா க்வெரி டூலைத் திறந்தாள்.

பார்வைக்கு ஒன்றும் பிரமாதமில்லை. திரையில் ஒரு வெள்ளைக் கட்டம். கடையின் மொத்த ஆர்டர்களில் எது வேண்டும் என்று அதில் எழுதி, 'ரன்' பட்டனைத் தட்டினால் பதில் வரிசை கட்டி வந்து நிற்கும். வாடிக்கையாளரின் பெயரிலோ விலாசத்திலோ தப்பு இருந்தால் திருத்துவதும் அதே கட்டத்தில்தான்.

71806 யாருடையது என்று எழுதினாள். தட்டினாள்.

சக்கரம் சுற்றியது.

சுற்றியது...

சுற்றிக்கொண்டே இருந்தது...

'நேரம் முடிந்தது. மீண்டும் முயலவும்.'

முயன்றாள். மீண்டும் சக்கரம். மீண்டும் அதே பதில். கூகுளில் போட்டுப் பார்க்கலாமே என்றார் இன்ஸ்பெக்டர். ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணலாமே என்றார் மேனேஜர். டீ சொல்லட்டுமா என்றார் துலுக்காணம். சுகிர்தா பல்லைக் கடித்தாள்.

பெங்களூர் ஹெட் ஆபீசுக்குப் போன் போட்டாள். இருபது நிமிஷம் பாட்டுப் போட்டுக் காட்டிவிட்டு, புகார் பதிவாகிவிட்டது, நாற்பத்தெட்டு மணி நேரத்தில் தீர்வு கிடைக்கும் என்று ஒரு குரல் குழைந்தது. நாற்பத்தெட்டு மணி நேரத்தில் அன்பு புழல் ஜெயிலில் ஆறு வேளை சாப்பிட்டு முடித்திருப்பான்!

மணி இரண்டு. ஏழாவது தடவை...

பதில் வந்தது!

ஒரே வரி. பெயர்: அரசப்பன் @ லாரி அரசப்பன். ஊர்: எளாவூர்.

இன்ஸ்பெக்டர் உடனே எளாவூருக்கு ஆள் அனுப்பினார். சுகிர்தா அன்றைக்கு முதல் தடவையாகத் தண்ணீர் குடித்தாள். அரைமணி நேரத்தில் கான்ஸ்டபிளின் போன்.

"சார்... லாரி அரசப்பன்னு ஒருத்தன் இருந்தான் சார். லாரித் திருடன். செக்போஸ்ட்டாண்ட விபத்துல செத்து ரெண்டு வருஷம் ஆவுது."

செத்தவன் மைசூர்பாகு ஆர்டர் செய்திருக்கிறான். அதையும் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறான்!

சுகிர்தாவுக்கு ஏதோ உறுத்தியது. போன மாதம் அவளே வாங்கிய குக்கரின் ஆர்டர் நம்பரைப் போட்டாள்.

பெயர்: அரசப்பன் @ லாரி அரசப்பன்.

மேனேஜரின் ஆர்டர் நம்பரைப் போட்டாள். அரசப்பன். எளாவூர்.

நானும் இங்கே ஒரு சாமான் வாங்கியிருக்கிறேன், பார் என்று இன்ஸ்பெக்டர் தன் செல்போனை நீட்டினார். தட்டினாள். தலைக்கு அடிக்கும் கறுப்பு மை, இரண்டு பாக்கெட். வாங்கியவர்: அரசப்பன். இன்ஸ்பெக்டர் செல்போனைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மொத்தம் எத்தினி பேரு இப்டி?" என்றார் மேனேஜர்.

"எல்லாரும் சார். நாப்பத்து மூவாயிரம் பேரும் அரசப்பன்தான்."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். மணி மூன்றே கால்.

"நாப்பத்து மூவாயிரம் பேரை ஏத்த எங்கிட்ட வண்டி இல்லம்மா. உன் டூலை நம்பி மூணு மணி நேரம் உட்கார்ந்தாச்சு. டிரைவர், வண்டியை எடு."

கீழே ஜீப் உறுமியது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு சார்," என்று சுகிர்தா கீபோர்டை விடாமல் தட்டினாள். "எங்க சைட்ல பேரு போடற எடத்துல இந்த @ குறி போட்டா ஏத்துக்காது. அது ஈமெயிலுக்குத்தான். அப்ப இந்தப் பேரை வாங்கினவன் எவனும் போடல. இந்த டூலுக்குள்ள பூந்து எவனோ போட்டிருக்கான். மாத்தின நேரம் இதோ நிக்குது, பாருங்க. இன்னிக்கு, பத்து முப்பத்திரண்டு. இதே கம்ப்யூட்டர்."

"யார்னு சொல்லாதா?"

"எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு சார். செவுத்துலயே ஒட்டி வெச்சிருக்கு."

சுவரைப் பார்த்த இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார்.

"பத்து முப்பத்திரண்டுக்கு உன் புருஷன் எங்கே இருந்தான்?"

அதற்கு மேனேஜர் பதில் சொன்னார். வரதனைச் சுற்றி மொத்தக் குடோனும் கீழே கூடியிருந்தது. எட்டுப் பேர் அன்புவைப் பிடித்து வைத்திருந்தார்கள். மாடியில் ஈ காக்கை இல்லை.

இன்ஸ்பெக்டர் மறுபடி உட்கார்ந்தார். திரையில் இருந்த பெயரைப் படிக்கச் சொன்னார்.

"அரசப்பன்... அட்... லாரி அரசப்பன்."

"அட் இல்லம்மா. என்கிற. அரசப்பன் என்கிற லாரி அரசப்பன்."

சுகிர்தா மெல்லத் திரும்பினாள்.

"அந்தக் குறிய எப்டி சார் 'என்கிற'ன்னு படிச்சீங்க?"

"எப்படின்னா... ஒருத்தனுக்கு ரெண்டு பேர் இருந்தா ஸ்டேஷன்ல அப்படித்தானே எழு..."

இன்ஸ்பெக்டர் நிறுத்தினார்.



ஆதிகேசவன் யாரையும் பார்க்கவில்லை. கால் மேல் கால் போட்டுக்கொண்டு மேனேஜரிடம் சாவகாசமாகப் பேசினார்.

"எவனோ அரைகுறை சார். ஒருத்தன் பேரை மாத்த வந்துட்டு ஊர் பேரையே மாத்தி வெச்சிருக்கான். ஒழுங்கா நாலு வரி எழுதத் தெரியாத மடையன். இந்த மாதிரி ஆளையெல்லாம் எந்த ஸ்டேஷன்ல வெச்சிருந்தாங்களோ."

"யாருய்யா அரைகொறை?" டீத் தட்டோடு நின்ற துலுக்காணத்தின் குரல் வெடித்தது. "முப்பது வருஷம் ஸ்டேஷன் ரைட்டரா இருந்தேன். ஒரு எஃப்.ஐ.ஆர்ல ஒரு எழுத்து தப்பு சொல்லு பாப்போம். இதுலயும் கடசி வரில ஆர்டர் நம்பரு கரீட்டா போட்டுத்தான அடிச்ச..."

டீ தரையில் கொட்டியது!

துலுக்காணம் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்துகிற நேரம் தாண்டிவிட்டது.

பிறகு வந்ததெல்லாம் தானாக வந்தது. ரிட்டர்ன் லாரியில் மாதக்கணக்காகப் புது செல்போன்களை வெளியே கடத்தியிருந்தார். வரதன் கண்டுபிடித்துவிட்டான். திங்கட்கிழமை மேனேஜரிடம் சொல்வேன் என்றான். துலுக்காணம் தன் பெயரிலேயே மைசூர்பாகு வாங்கி, பூச்சி மருந்தைக் கலந்து, வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். இன்று காலை டப்பா லாரியிலிருந்து இறங்கியதும் லேபிளைக் கிழித்தார். நம்பர் மட்டும் மிச்சமாகிவிட்டது. தன் பெயரை அழிக்க மாடி ஏறினார். பழைய கேஸ் கட்டுகளில் ஆயிரம் தடவை எழுதிய ஒரு பெயர் கைக்குத் தானாக வந்தது. எழுதிய விதமும் தானாக வந்தது.

"நம்பரு போட்டேன்மா," என்றார் துலுக்காணம். மாட்டிக்கொண்டதைவிட அதுதான் அவருக்கு ஆற்றாமையாக இருந்தது. "ரெண்டு மாசமா ஒம் பக்கத்துல குந்திக்கினு நீ தட்டறதப் பாத்தனே. எப்டிம்மா எல்லாம் மாறிச்சி? பேஜாரா கீது."

"போட்டீங்க அய்யா. ஆனா மேல இருக்கற வரிங்கள மட்டும் செலக்ட் பண்ணிட்டு ரன் தட்டிட்டீங்க. இந்த டூல்ல செலக்ட் பண்ணதுதான் ஓடும். எந்த ஆர்டர்னு சொல்ற கடைசி வரி ஓடவே இல்ல."

துலுக்காணம் தலையில் அடித்துக்கொண்டார்.

கீழே அன்பு ஜீப்பிலிருந்து இறங்கினான். என்ன ஆச்சு, யார் செய்தது என்று கேட்டான். சுகிர்தா முதலில் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"இனிமே எவன் சட்டையாவது புடிப்பியா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

அவன் எழுந்த சீட்டில் துலுக்காணம் ஏறி உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் ஆதிகேசவன் முன் சீட்டிலிருந்து திரும்பி ஒரு பேனாவை நீட்டினார்.

"எங்க ரைட்டர் இன்னைக்கு லீவு. உன் எஃப்.ஐ.ஆரை நீயே எழுதிடு துலுக்காணம்... கடைசி வரியை விட்டுடாதே. அப்புறம் நாப்பத்து மூவாயிரம் பேரை நான் அரெஸ்ட் பண்ண வேண்டியிருக்கும்."