களிமண் காதுகள்

உள்ளே வேறு யாரும் இல்லை என்றுதான் வாசலில் நின்ற காவலாளி ராசப்பன் சொல்லியிருந்தார். ஆனால் கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு அந்த அறைக்குள் போனதும், யாரோ மூச்சு விடுவது லிசிக்குக் கேட்டது.

கைலாசபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்த லிசியும் அவள் கணவன் அஜித்தும், தூத்துக்குடி ரயில் ஏறும்வரை பொழுதைப் போக்க இந்த நவீனக் கலை மியூசியத்துக்குள் நுழைந்திருந்தார்கள். வெளியே திருச்சி வெயில் கொளுத்தியது. ஆறு மாத வயிற்றோடு அவளால் இனி ஒரு தெருகூட நடக்க முடியாது. அஜித் முன்னறையில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டு நின்றுவிட, அவள் மட்டும் இங்கே வந்தாள்.

நான்கு சுவர்களிலும் காதுகள். சுடாத களிமண்ணில் பிடித்த மனிதக் காதுகள், தரையிலிருந்து கூரைவரை நெருக்கமாக ஒட்டியிருக்க, மங்கிய மஞ்சள் வெளிச்சத்தில் ஒவ்வொன்றின் மடிப்பிலும் நிழல் தேங்கிக் கிடந்தது. தண்ணீர் வற்றிய ஆற்றங்கரையின் சேற்று வாடை அவள் தொண்டைவரை இறங்கியது.

"அண்ணே, உள்ள யாரும் இருக்காங்களா?"

"இல்லீங்க," என்றார் ராசப்பன், திரைக்கு வெளியிலிருந்து. "சுவத்துக்குள்ள மைக், ஸ்பீக்கர் வச்சிருக்காங்க. ஒரு காதுல ரகசியம் சொன்னா இன்னொரு காதுலேர்ந்து திரும்பி வரும். சொல்லிப் பாருங்க."

லிசிக்குத் தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது. முகத்துக்கு நேரே இருந்த காதை நெருங்கினாள். முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போனதிலிருந்து எதையும் முன்கூட்டிப் பேச அவளுக்குப் பயம். இந்தப் பிள்ளைக்கு மனதுக்குள் வைத்திருந்த பெயரை அஜித்திடம்கூடச் சொன்னதில்லை.

"அனிஷா," என்றாள், உதடு மட்டும் அசைய.

எதிர்ச் சுவரிலிருந்து அவள் குரலே திரும்பி வந்தது. அனிஷா. பிறகு பக்கத்துச் சுவரில். இந்த முறை குரல் அவளுடையதாக இல்லை. வயதான, கரகரத்த குரல். அதன் பின்னால் இன்னொன்று. இன்னும் பல.

விளக்கு அணைந்தது. ஏசியின் இரைச்சலும் நின்றது.

"கரண்ட் போயிடுச்சுங்க. அப்படியே நில்லுங்க, ஜெனரேட்டரைப் போட்டுட்டு வரேன்." ராசப்பனின் செருப்புச் சத்தம் தூரத்தில் தேய்ந்தது.

மைக் இல்லை. ஸ்பீக்கர் இல்லை. குரல்கள் நிற்கவில்லை.

அனிஷா. அனிஷா. விளையாடும் குழந்தையைச் சோறூட்டக் கூப்பிடுவதுபோல, கொஞ்சிக் கொஞ்சி.

லிசி கைபேசி வெளிச்சத்தைப் போட்டாள். வாசலின் கறுப்புத் திரையைத் தேடினாள். நாலு பக்கமும் சுவர். ஈரம் மினுங்கும் காதுகள். எல்லாம் சுவரை விட்டு ஒரு விரற்கடை முன்னால் வந்திருந்தன. அவள் முகத்தை நோக்கி அல்ல. கீழே. வயிற்றை நோக்கி.

"ஏங்க..." என்றாள். அஜித்துக்குக் கேட்கும் அளவுக்குச் சத்தம் எழவில்லை.

கைபேசியைக் கீழே விட்டு, இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்தினாள். உள்ளே பிள்ளை புரண்டது. மெல்லத் திரும்பி, சுவர்ப் பக்கமாக முட்டியது.

குரல்கள் சட்டென்று அடங்கின.

அறை காத்திருந்தது.

அவள் உள்ளங்கைகளுக்கு அடியில், தோலுக்குள்ளிருந்து, வாய் நிறையத் தண்ணீரோடு ஒரு சின்னக் குரல் சொன்னது.

"இதோ வரேன்."